நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, சமயப் பாடத் தேர்வொன்றில் "நோன்பின் பயன்கள் ஐந்தினை எழுதுக" என்று ஒரு வினா கேட்டிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது முதல் பத்துத் தாள்களிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. புலனடக்கம், பசியின் கொடுமையை உணர்தல், ஏழைகள்பால் இரக்கம், உடல்நலம், இறையருள் என்று அதே ஐந்தும் அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன. நான் பலகையில் எழுதிப்போட்ட வரிசை அது. ஒரே ஒரு தாளில் மட்டும் நான்கு பயன்களோடு நிறுத்திவிட்டு, ஐந்தாம் எண்ணுக்கு எதிரே ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "ஐந்தாவது மறந்துவிட்டது. ஏன் நோன்பிருக்கிறீர்கள் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். இருக்காவிட்டால் அந்த நாள் நாளாகவே இல்லை என்றார்." ஐந்துக்கு நான்கு என்று போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். கட்டு முழுவதையும் முடித்து, மதிப்பெண்களைப் பட்டியலில் ஏற்றும்போதுதான், அத்தனை பேரிலும் சமயம் கடைப்பிடிக்கும் ஒருவரை நெருங்கிப் போய்க் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்பது உறைத்தது. அதற்கு என் விடைக்குறிப்பில் இடம் இல்லை.

சமயப் பாடம் எடுப்பவர்களுக்கு இணையத்தில் என்ன கிடைக்கிறது என்று புதிதாக வேலையில் சேரும் ஆசிரியர்கள் கேட்கும்போது, தள முகவரிகளை வரிசையாக எழுதிக் கொடுப்பது எளிது. நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைத் தவிர்க்கிறேன். வளங்களைத் தேடிச் சேர்த்துவிட்டுப் பிறகு வினாவை யோசித்தால், கிடைத்த வளத்தில் எது எளிதாகக் கேட்க வருகிறதோ அதுதான் வினாவாகிறது. அது பெரும்பாலும் பெயரும் ஆண்டும் பட்டியலுமாகவே அமைந்துவிடும். மாணவர் எதைப் புரிந்துகொண்டார் என்று அறிய விரும்புகிறோமோ அந்த வினாவை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு எந்த மூலத்தை அவர் முன் வைக்க வேண்டும் என்று தேடப் போனால், இணையத்தில் குவிந்து கிடப்பவற்றில் பத்தில் ஒன்பதைத் தொடவே வேண்டியிராது.

வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிப்பது நமக்குப் பழகிய வழிதான். தமிழில் அச்சேறிய தொடக்ககால நூல்களில் ஒன்றான 1579-ஆம் ஆண்டின் "கிரிசித்தியானி வணக்கம்" ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் வடிவில் அமைந்தது; 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் "சைவ வினாவிடை" எழுதினார். தம் சபையாருக்கும் தம் சமயத்தாருக்கும் கோட்பாட்டை மனத்தில் பதியவைப்பது அந்த நூல்களின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அவ்வடிவம் நன்றாகவே பொருந்தியது. அதே வடிவத்தை எடுத்துத் தேர்வுத்தாளாக்கி, அதில் வரும் மதிப்பெண்ணைச் சமய அறிவு என்று நாம் சொல்லத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மனப்பாடம் வேண்டாம், மாணவரின் சொந்த உணர்வைக் கேட்போம் என்று கிளம்புவது அது. இங்கிலாந்தின் அனுபவம் இதில் நல்ல பாடம். அங்கே சமயக் கல்வி 1944 முதல் பள்ளிகளில் கட்டாயம். பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமையும் உண்டு. சமயத்தைப் பற்றிக் கற்றல், சமயத்திலிருந்து கற்றல் என்று கல்வியாளர் மைக்கேல் கிரிம்மிட் வகுத்த பாகுபாடு ஆசிரியர்களிடையே வேரூன்றி, 2004-இல் வெளியான தேசிய வழிகாட்டுச் சட்டகத்தில் இரண்டு அடைவு இலக்குகளாக இடம்பெற்றது. இரண்டுக்கும் எட்டு நிலைகள் கொண்ட அளவுகோல் தரப்பட்டது. முதலாவதை அளப்பதில் பெரிய தடையில்லை. இரண்டாவதில், வாழ்க்கையின் பொருளைப் பற்றியும் தன் கடப்பாடுகளைப் பற்றியும் ஒரு பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு, "நீ நான்காம் நிலையில் இருக்கிறாய், ஐந்தாம் நிலைக்கு இன்னின்ன செய்" என்று ஆசிரியர் சொல்ல வேண்டியிருந்தது. பிற பாடங்களில் அந்நிலைகள் 2014-இல் புதிய தேசியப் பாடத்திட்டம் வந்தபோது நீக்கப்பட்ட பிறகு, சமயக் கல்வியிலும் அவற்றின் பிடி தளர்ந்தது. அந்த எட்டுப் படிகளைப் படித்தபோது, பக்தியை எடைக்கல் வைத்து நிறுக்க முயன்றவர்களின் நல்லெண்ணத்தையும் இக்கட்டையும் ஒருசேர உணர்ந்தேன்.

ஆக, என் வகுப்பில் நான் வைத்துக்கொண்ட வரம்பு இதுதான்: மாணவர் எதை நம்புகிறார் என்பதற்கு மதிப்பெண் இல்லை, நம்புகிறவர்கள் எதை, எதன் அடிப்படையில், எத்தனை விதமாக நம்புகிறார்கள் என்பதை அவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் என்பதற்கு மட்டுமே மதிப்பெண். ஒரே சமயத்துப் பிள்ளைகள் மட்டும் அமர்ந்திருக்கும் வகுப்பிலும் இது பொருந்தும். பக்தியில் குறைந்தவன் என்று ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் அட்டையில் எழுதிக் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் தகுதியில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல், அரசுப் பள்ளிகளில் பைபிளை வழிபாடாக வாசிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தபோதே, சமயத்தைக் கல்விப்பொருளாக நடுநிலையோடு கற்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு பள்ளிகளில் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது குறித்து 2007-இல் வெளியிட்ட டொலேடோ வழிகாட்டு நெறிகளும் இதே திசையில் செல்பவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்த ஆவணத்தைப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

வினாவை முதலில் எழுதுவது என்றால் எப்படி என்பதற்கு, நான் அடிக்கடி பயன்படுத்தும் ஒன்றைக் காட்டுகிறேன். புத்தரின் படத்தோடு கைப்பேசிகளில் சுற்றிவரும் வாசகம் ஒன்று உண்டு: எதையும் நம்பாதே, யார் சொன்னாலும், நானே சொன்னாலும், உன் பகுத்தறிவுக்கு ஒத்துவந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். "இது புத்தர் சொன்னதா?" என்பதுதான் என் வினா. இதற்கு வேண்டிய மூலம், தொடக்ககாலப் பௌத்த நூல்களைத் தரும் சுத்தசென்ட்ரல் தளத்தில் இருக்கிறது. 2005-இல் தொடங்கப்பட்ட அத்தளத்தில் பாலி மூலமும் மொழிபெயர்ப்பும் வரிக்கு வரி அருகருகே வருகின்றன. சீன, திபெத்திய மொழிகளில் உள்ள இணைப் பகுதிகளும் சுட்டப்படுகின்றன. புத்தரின் உரைகளைக் கொண்ட பாலித் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் 3.65-ஐத் திறந்தால் காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் உரைத்த பகுதி கிடைக்கும். எவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று பத்து அங்கே வரிசையாக வருகின்றன: வாய்வழி மரபு, பரம்பரை வழக்கு, கேள்விப்பட்டது, நூலில் உள்ளது என்று போகும் அப்பட்டியலைத் தமிழில் எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஐந்தாவது வந்ததும் வகுப்பில் சலசலப்பு எழும். ஏனெனில் அங்கே தர்க்கமும், அடுத்து அனுமானமும் தடுக்கப்பட்டவற்றில் நிற்கின்றன. பகுத்தறிவுக்கு ஒத்துவந்தால் ஏற்றுக்கொள் என்று படம் சொல்கிறது. தர்க்கத்தை மட்டும் நம்பி ஏற்காதே என்று மூலம் சொல்கிறது. பத்தாவதாக, "இந்தத் துறவி எங்கள் ஆசான்" என்பதற்காக ஏற்காதே என்று வருவதால், "நானே சொன்னாலும்" என்ற பகுதி மட்டும் ஓரளவு சரி. அதன் பிறகு, தீமை பயப்பவை, அறிவுடையோர் பழிப்பவை என்று நீங்களே அறிந்தவற்றைக் கைவிடுங்கள் என்று உரை தொடர்கிறது. அறிவுடையோரின் பழிப்பு என்ற அளவுகோல் படத்தில் அறவே காணாமல் போயிருக்கிறது.

படத்தில் எது மூலத்தில் உள்ளது, எது இல்லை, எது திரிந்திருக்கிறது என்று வரியெண்ணோடு எழுத மூன்று மதிப்பெண். இப்படித் திரித்தவருக்கு எந்தப் புத்தர் தேவைப்பட்டிருப்பார் என்று ஒரு பத்தி எழுத நான்கு மதிப்பெண். இரண்டாவது வினாவுக்கு வரும் விடைகள் என்னைப் பலமுறை வியக்கவைத்திருக்கின்றன. "இன்றைக்கு நாம் ஏற்கெனவே நம்புவதைச் சொல்லும் புத்தர் வேண்டும்" என்று ஒரு மாணவன் எழுதினான். அவன் பௌத்தனா, நாத்திகனா, வேறு சமயத்தவனா என்பது அந்த விடைத்தாளிலிருந்து தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

செஃபாரியா இன்னொரு தரமான இடம். யூத மூலநூல்களை எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரும் இத்தளத்தின் சிறப்பு, ஒரு வசனத்தைத் தொட்டால் அதைப் பற்றி நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட உரைகள் பக்கவாட்டில் திறந்துகொள்வதுதான். விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 21:24-இல் வரும் "கண்ணுக்குக் கண்" என்ற தொடரை மாணவர்கள் எல்லோரும் பழிக்குப் பழி என்றே விளங்கிக்கொண்டிருப்பார்கள். அதைத் தொட்டால், யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தால்மூதின் பாவா கம்மா பகுதியும் 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியும் வருவார்கள். இருவரும் அதைப் பணத்தால் ஈடுசெய்வது என்றே பொருள்கொள்கிறார்கள். தால்மூது அந்த முடிவுக்கு வர ஒன்றுக்கு மேற்பட்ட வாதங்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் தானே மறுத்துப் பார்க்கிறது. அவற்றில் ஒன்று: அடித்தவனின் கண் பெரிது, அடிபட்டவனின் கண் சிறிது என்றால் இரண்டும் எப்படிச் சமமாகும்? இந்த ஒரு வாதத்தைக் கொடுத்து, "இதற்கு எதிராக நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியில் தால்மூது என்ன சொல்கிறது என்று காட்டினால், உரை மரபு என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. நம் உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை சொல்வதைப் படித்துப் பழகிய தமிழ் மாணவர்களுக்கு இந்த நடை அந்நியமாகவும் தோன்றாது.

கையெழுத்துப் படிகளைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க பைபிளான சைனாயிட்டிகஸ் சுவடியின் ஏடுகள் நான்கு நிறுவனங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2009 முதல் அவற்றை ஒரே தளத்தில் காணலாம். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்துக்கு மாற்றினால் தோலின் மேடு பள்ளம்கூடத் தெரியும். அதில் மாற்கு நற்செய்தி 16:8-உடன் முடிகிறது. இன்றைய அச்சுப் பதிப்புகள் பலவும் அடுத்துவரும் வசனங்களுக்கு அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இடுகின்றன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் ஏடுகள் இரண்டின் தோலைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி, 95.4 விழுக்காடு உறுதியோடு அது 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று 2015-இல் அறிவித்தார்கள். இந்தச் சோதனை எதன் வயதைச் சொல்கிறது, எதன் வயதைச் சொல்லவில்லை என்பது அருமையான ஒரு மதிப்பெண் வினா: தோலின் வயது வேறு, மையின் வயது வேறு. இவற்றைப் பரபரப்புச் செய்திபோல வகுப்பில் அவிழ்க்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். நம்புகிற பிள்ளையை மடக்குவதற்கான ஆயுதமாக ஒரு சுவடியை ஆசிரியர் கையில் எடுத்தால், அன்றோடு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.

தமிழில் கற்பிப்பவர்களுக்கு வாய்த்திருக்கும் ஒரு வசதியை நாமே போதிய அளவு பயன்படுத்துவதில்லை. 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும், 2001-இல் உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நடத்தும் மின்னூலகத்திலும், தேவாரம், திவ்வியப் பிரபந்தம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, சீறாப்புராணம், தேம்பாவணி என்று பல சமயங்களின் நூல்கள் ஒரே மொழியில், மொழிபெயர்ப்பின் தயவு இல்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றுள் மணிமேகலையின் 27-ஆம் காதையான "சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை" எனக்கு மதிப்பீட்டுக்கான முன்மாதிரியாகவே ஆகிவிட்டது. வேறு வடிவம் பூண்டு வஞ்சி நகருக்குள் செல்லும் மணிமேகலை, அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய், அவரவர் கொள்கையைச் சொல்லும்படி கேட்கிறாள். காட்சியளவை, அதாவது புலன்களால் நேரே அறிவது, ஒன்றே போதும் என்னும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று திருப்பிக் கேட்கிறாள். பௌத்தக் காப்பியம் என்பதால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பது முன்பே தெரிந்ததுதான். நடுநிலை நூல் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆயினும், மறுப்பதற்கு முன் கேட்கும் அந்த ஒழுங்கை மாணவர்களுக்குப் பயிற்றலாம். ஒரு வாதியின் கொள்கையை, அவரே கேட்டால் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்பும்படி ஐந்து வரிகளில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் ஒரு கேள்வி எழுப்பலாம். முதற்பகுதியில் தவறினால் இரண்டாம் பகுதியை நான் திருத்துவதே இல்லை.

வளங்களில் எனக்கு நேர்ந்த அவமானம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தளத்திலிருந்து ஆயத்தமாகக் கிடைத்த படவில்லைக் காட்சியை, நேரமில்லை என்ற சாக்கில் முழுவதும் பார்க்காமலே வகுப்பில் ஓட்டினேன். தொழுகை என்ற தலைப்பின் கீழ்த் தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவரின் படம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அவர் கையில் இருப்பது சீக்கியர்கள் அணியும் இரும்புக் காப்பு" என்றான். அன்று முதல், யாரோ செய்துவைத்த பணித்தாள்களையும் படக்காட்சிகளையும் வாங்குவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, மூலம் இருக்கும் இடத்துக்கே போகிறேன். அதேசமயம் அந்தப் படவில்லையை அழிக்கவில்லை, "இதில் உள்ள பிழை என்ன, எதைக் கொண்டு கண்டுபிடித்தீர்கள்?" என்று ஆண்டுதோறும் அதையே வினாவாகப் பயன்படுத்துகிறேன். ஒரு தளம் நம்பத் தகுந்ததா என்று அறிய அதே தளத்துக்குள் உழலாமல் வெளியே வந்து, பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தைத் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களிடம் கண்டதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சாம் வைன்பர்க் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் தங்களையே உண்மையான பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொள்ளும் தளங்கள் மலிந்திருப்பதால், மற்ற பாடங்களைவிட இங்கே அப்பழக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பாடத்தின் இடையிடையே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாக்களை நான் வெறுப்பதில்லை. கூகுள் ஃபார்ம்ஸில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தவறான விடைகளை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நற்கருணை அப்பத்தைப் பற்றிக் கிறித்தவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டு, "கிறித்துவின் உடலாகவே மாறுகிறது", "அவரை நினைவுகூரும் அடையாளம்", "சபைக்குச் சபை இதில் கருத்து வேறுபடுகிறது" என்று விடைகளைக் கொடுத்தால், முதலிரண்டில் ஒன்றைத் தேர்ந்தவர்கள் ஒரு சபையின் நிலைப்பாட்டைச் சமயம் முழுமைக்கும் ஏற்றிவிட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஹார்வர்டு இறையியல் பள்ளியின் சமய எழுத்தறிவுத் திட்டம் மூன்று அடிப்படைகளை வலியுறுத்தியது: சமயங்கள் உள்ளுக்குள் பன்மைத்தன்மை கொண்டவை, காலத்தோடு மாறுபவை, பண்பாட்டோடு பின்னிப்பிணைந்தவை. நான் எழுதும் தவறான விடைகள் எல்லாம் இம்மூன்றில் ஒன்றை மறந்தவர் தேர்ந்தெடுக்கக் கூடியவையாகவே இருக்கும்.

நெடுவினாக்களைத் திருத்துவதில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, முதல் வரைவுக்கு மதிப்பெண் போடுவதில்லை. குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தால் குறிப்பின் பயன் போய்விடுகிறது என்று 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு காட்டியது; எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துவிடும் பிள்ளைகளைக் கண்ட எவருக்கும் அது புதிய செய்தியன்று. மற்றொன்று, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே பத்துக்கு எத்தனை என்று மல்லாடாமல், இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து எது மேல் என்று மட்டும் முடிவுசெய்வது. 1927-இல் உளவியலாளர் தர்ஸ்டன் முன்வைத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு விதியிலிருந்து வந்த முறை இது. பல ஆசிரியர்கள் இணையத்தில் இருந்தபடியே இப்படி இணை இணையாகப் பார்த்து, மென்பொருள் அவற்றைத் தரவரிசையாக்கும் வசதிகள் இப்போது உண்டு. எங்கள் ஆசிரியர் குழுவில் இதைச் செய்துபார்த்தபோது, நான் ஓரளவு குறைத்தே மதிப்பிட்டுவந்த ஒரு வகை விடையை, அதாவது அழகான நடையில்லாமல் "இது இன்னாரின் கருத்து, இதை இன்னார் ஏற்பதில்லை" என்று கட்டைவிரலால் ஊன்றியதுபோல எழுதும் விடையை, மற்ற ஆசிரியர்கள் தொடர்ந்து மேலே வைத்தார்கள். எனக்கு இருந்த நடைமோகம் அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு வீட்டுப்பாடக் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று எதையும் சொல்லாமல் சொல்லும் பத்திகளை அவை சளைக்காமல் எழுதித் தள்ளுகின்றன. அதற்குப் பதில், பருவத்துக்கு ஒருமுறை வாய்மொழித் தேர்வு வைக்கிறேன். மாணவர் தாமே தெரிவுசெய்த ஒரு மூலப் பகுதியை, அச்சிட்ட தாளாகவோ திரையிலோ, என் முன் வைக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தாய், இதை யார் யாருக்காக எழுதினார்கள், இதை ஏற்பவர் ஒருவர் இங்கே உட்கார்ந்திருந்தால் நீ சொன்னதில் எதைத் திருத்துவார் என்று மூன்று கேள்விகள் கேட்பேன். மூன்றாவதில்தான் பலரும் தடுமாறுவார்கள். நோன்பு வினாவின் ஐந்தாம் எண்ணுக்கு எதிரே அந்த மாணவி எழுதியதுபோல ஒரு வரி வந்தால் இப்போது அதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஒருவருக்கு நான்கு நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு 160 நிமிடம், ஏறக்குறைய நான்கு பாடவேளை ஆகிறது. அந்நேரத்தில் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதால், அவர்களுக்கு இணை இணையாகக் கட்டுரைகளைக் கொடுத்து, எது மேல் என்று காரணத்தோடு குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.